ராமேஸ்வரம் முதல் அரிச்சல்முனை வரை ஒரு நாள் நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம் தீவின் தென்கிழக்கு வாலைப் பிடித்துக்கொண்டு, கடலோரமாக அரிச்சல்முனை வரை கூட்டாளிகளோடு நடந்து போவது பற்றி எங்களிடம் வரும் கேள்விகளும் பதில்களும் இவை. எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் ராமநாதபுரம், மண்டபம், பாம்பன் ஆட்கள்; மீதிப்பேர் மதுரையில் ரயிலேறி வருகிறவர்கள். புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது தூரத்தை. கேட்க வேண்டியது காற்றை.

எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? எவ்வளவு தூரம்?

கோயிலின் கிழக்கு வாசலில், அக்னி தீர்த்தக் கரையில் தொடங்குகிறோம். முடிவது தனுஷ்கோடிக்கு அப்பால், தார்ச்சாலை வட்டமடித்துத் திரும்பும் அரிச்சல்முனையில். அங்கே ஓர் அசோகத் தூண் நிற்கும். அதற்கு அப்பால் மணலும் கடலும்தான். மொத்தம் இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட வரும்.

இதை இரண்டு துண்டாகப் பார்ப்பது நல்லது. ராமேஸ்வரத்திலிருந்து முகுந்தராயர் சத்திரம் வரை (ஊரில் எம்.ஆர்.சத்திரம் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும்) சவுக்கும் பனையும் நிற்கும் சாலைவழி. சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி 5 கிலோமீட்டர், அங்கிருந்து அரிச்சல்முனை 4.5 கிலோமீட்டர். இந்த ஒன்பதரைக் கிலோமீட்டருக்குச் சாலை வந்ததே 2017-இல்தான். அதற்கு முன்பு மணலில் உறுமிக்கொண்டு போகும் வேன்களில் தொங்கிக்கொண்டு போவார்கள், இல்லாவிட்டால் நடப்பார்கள். நடைக்கு உயிர் இந்த இரண்டாம் துண்டில்தான் இருக்கிறது. முழுத் தூரம் முடியாது என்று தோன்றினால் சத்திரம் வரை பேருந்தில் வந்து இறங்கிவிடுங்கள். யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

எந்த மாதத்தில் வரலாம்?

தை, மாசி. பங்குனி முற்பாதி வரை தாங்கலாம். அதற்கு மேல் யார் அழைத்தாலும் நாங்கள் வருவதில்லை.

காரணம் வெயில் மட்டும் இல்லை. வைகாசி பிறந்தால் கச்சான் வீசத் தொடங்கும். மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும் இந்தக் காற்று ஆவணி வரை ஓயாது. மன்னார் வளைகுடாப் பக்கம் அலை எழும்பும், மணல் பறந்து சாலையிலேயே மேடு கட்டும். முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு தலையைக் குனிந்து நடந்தால் எதைப் பார்ப்பது? கடல் மிகவும் சீறினால் தனுஷ்கோடிக்கு யாரையும் விடாமல் தடுத்தும் விடுவார்கள். ஆடி மாதத்தில் அமாவாசைக்கு வந்த கையோடு நடந்துவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் புயலுக்கும் உரியவை. மார்கழியையும் நம்ப முடியாது; தனுஷ்கோடியை அழித்த புயல் வந்தது 1964 டிசம்பர் 22 இரவு. தை பிறந்ததும் வாடைக்காற்று தணிந்து ஒரு நிதானத்துக்கு வரும். நடக்கும்போது இடது தோளில் படும், வியர்வையை ஆற்றும், அவ்வளவுதான்.

இங்கே இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை; அதைப் பெண்கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல். கச்சான் காலத்தில் தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்குக் கடல் குளம்போலக் கிடக்கும். வாடைக் காலத்தில் நேர்மாறு. தை, மாசியில் நாம் நடக்கப்போகும் தெற்குக் கரை ஓரளவு அடங்கியிருப்பதற்கு இதுதான் காரணம். ஆனாலும் கிளம்புவதற்கு முந்தின மாலை பாம்பனிலோ ராமேஸ்வரத்திலோ துறையில் நிற்கும் யாரையாவது ஒரு வார்த்தை கேளுங்கள். "நாளைக்கு எப்படிண்ணே இருக்கும்?" என்றால் போதும். வானத்தையும் கொடிக்கம்பத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்வார்கள். கைபேசியில் பார்த்த கணக்கை நான் ஒதுக்கவில்லை. இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதி, ஒத்துப்போகாவிட்டால் துறையில் கேட்டதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சாலையிலேயே நடக்கலாமே? மணலில் ஏன்?

சத்திரம் வரை சாலைதான். அதற்கு மேல் சாலையில் நடப்பதில் ஒரு சுகமும் இல்லை. நேர்க்கோடாகப் போகும் தார், இரு பக்கமும் கல் அடுக்கு, முதுகுக்குப் பின்னால் விடாமல் ஒலி எழுப்பும் சுற்றுலா வேன்கள். பத்து மணிக்கு மேல் தார் அனலடிக்கும்.

மணலில் நடக்கத் தெற்குக் கரையை எடுங்கள். அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணல் கெட்டியாக இருக்கும். சாதாரண வேகத்தில் போகலாம். அதிலிருந்து பத்து அடி மேலே ஏறினால் கால் புதையும், வேகம் பாதியாகும். ஏற்றவற்றம் இந்தக் கடலில் ஒரு மீட்டருக்குள்தான் என்றாலும், நீர் வற்றும் நேரத்தில் ஈர மணல் பட்டை அகலமாகக் கிடைக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் கூடும், வற்றமும் கூடும். நடுப்பகல் வரை நீர் வற்றிக்கொண்டே போகும் நாளாகப் பார்த்துத் தேர்ந்தால் பாதி உழைப்பு மிச்சம்.

ஒரு தொல்லை உண்டு. கரை கடலை நோக்கிச் சரிந்திருக்கும். போகும்போது கடல் வலப்பக்கம் என்பதால் வலது கால் எப்போதும் தாழ்ந்தே விழும். ஐந்தாறு கிலோமீட்டருக்குப் பிறகு இடுப்பும் முழங்காலும் இதைச் சொல்லிக்காட்டும். இடையிடையே மேட்டு மணலில் ஏறிச் சமதளத்தில் கொஞ்சம் நடந்துவிட்டு இறங்குவதுதான் வழி.

வடக்குப் பக்கம் போகாதீர்கள். அது கழிமுகம்போலத் தேங்கிய ஆழமற்ற நீர், அடியில் உளை. மேலே காய்ந்த உப்புப் படலம் தரைபோலத் தெரியும், கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கும். பறவைகளும் அங்கேதான் மேய்கின்றன. இரண்டுக்காகவும் விட்டுவிடலாம்.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

முழு நடை என்றால் விடியற்காலை நான்கரைக்கு. தை மாதத்தில் இங்கே ஆறரை மணியளவில்தான் சூரியன் எழும். இருட்டிலேயே சாலைப் பகுதியின் பெரும்பங்கை முடித்துவிடலாம். எல்லாரிடமும் கைவிளக்கு வேண்டும், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக நடக்க வேண்டும். வழியில் ஜடா தீர்த்தம் இருட்டில் கடந்துவிடும். விடியும் நேரத்துக்குக் கோதண்டராமர் கோயில் பிரியும் இடத்துக்கு வந்துவிடுவீர்கள். விபீஷணன் ராமனிடம் அடைக்கலம் புகுந்த இடம் என்று சொல்லப்படும் கோயில், 1964 புயலையும் தாங்கி நின்றது. சுற்றிலும் நீர் தேங்கி நிற்க நடுவே போகும் சாலையில் உள்ளே போய் வர நேரமாகும். வேண்டுமா என்று முதல்நாளே முடிவு செய்யுங்கள். விடிந்த பிறகு நடுச்சாலையில் நின்று வாக்கெடுப்பு நடத்தினால் வெயில் ஏறிவிடும்.

ஏழரை, எட்டுக்குள் சத்திரம். பத்துக்குள் தனுஷ்கோடி. பன்னிரண்டுக்குள் முனை. இதில் ஒரு மணி நேரம் பிந்தினாலும் கடைசித் துண்டு கொடுமையாகிவிடும்.

யாரும் எதிர்பார்க்காத இன்னொன்று: தை மாதத்தில் சூரியன் எழுவது தென்கிழக்கை ஒட்டி, நாம் நடப்பதும் தென்கிழக்கே. காலை முழுவதும் வெயில் நேர் முகத்தில்தான். முன்னால் நீண்ட விளிம்புள்ள தொப்பி இல்லாமல் வராதீர்கள். வெறும் துண்டு தலையைக் காக்கும், கண்ணைக் காக்காது.

மலை ஆறுகளில், பாறை இடுக்குகளில் நடந்து பழகிய கூட்டம் நாங்கள். இது எங்களுக்கு எளிதுதானே?

பலர் இப்படித்தான் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். ஆற்றுப் பள்ளத்தாக்கில் நடப்பது வேறு வித்தை. அங்கே இரு பக்கமும் பாறைச் சுவர், அதனால் பகலில் பாதி நேரம் நிழல். வழி தவறவே முடியாது; தண்ணீர் காலடியிலேயே ஓடும். ஆபத்து எங்கோ மேலே பெய்யும் மழையில் இருக்கிறது, உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும்.

இங்கே எல்லாம் தலைகீழ். ஏற்றமே கிடையாது, ஆகவே மூச்சு வாங்காது. அதனாலேயே களைப்பு தெரியாமல் ஏறும். நிழல் என்றால் கடைக் கூரைகளும், அங்கங்கே ஒரு படகின் ஓரமும்தான். குடிக்கத் தண்ணீர் நீங்கள் சுமப்பதுதான். கண்ணுக்கு முன்னால் கலங்கரை விளக்கம் நிற்கும், ஒரு மணி நேரம் நடந்தாலும் அது நெருங்கி வந்ததாகத் தோன்றாது. மலையேறுகிறவர்களை இதுதான் சோர்வடையச் செய்கிறது, கால்வலி அல்ல. பேச்சுத்துணை இல்லாமல் இந்த வழி கரையாது. கூட்டாளிகளோடு வாருங்கள் என்று நாங்கள் சொல்வதற்குப் பாதுகாப்பு ஒரு காரணம் என்றால் இது இன்னொன்று.

தண்ணீர் எவ்வளவு? வழியில் கிடைக்குமா?

ஆளுக்கு நான்கு லிட்டர் சுமந்து கிளம்புங்கள். தனுஷ்கோடிக் கடைகளில் குப்பித் தண்ணீரும் இளநீரும் கிடைக்கும். சத்திரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கரையோரம் நடக்கும்போது அதை நம்பக் கூடாது.

தனுஷ்கோடி ஊற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரு பக்கமும் உப்புக்கடல் இருக்க, நடுவே மணலில் கையால் பள்ளம் பறித்தால் குடிக்கிற தண்ணீர் சுரக்கும். இங்கே வாழும் மீனவக் குடும்பங்கள் காலங்காலமாகக் குடிப்பது அதைத்தான். பெண்கள் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து கொட்டாங்குச்சியாலோ குவளையாலோ அலுங்காமல் மொண்டு குடத்தில் ஊற்றுவதைப் பார்க்கலாம். அவசரமாக அள்ளினால் கலங்கிவிடும்.

பலர் இதைத் தெய்வச்செயல் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நடப்பது இதுதான். மணலில் இறங்கும் மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்தது. அதனால் கலந்துவிடாமல், கீழே ஊறியிருக்கும் கடல்நீரின் மேல் ஒரு படலமாக மிதக்கிறது. மேலாகப் பறித்தால் அந்தப் படலம் கிடைக்கும். ஆழம் போனாலோ, இயந்திரம் வைத்து இறைத்தாலோ கீழிருக்கும் உப்பு மேலேறிவிடும், ஊற்று கெட்டுப்போகும். ஆழ்துளைக் கிணறு செய்ய முடியாத வேலையை இங்கே ஒரு கொட்டாங்குச்சி செய்கிறது.

ஆனால் அது அவர்களுடைய குடிநீர். தாகமாக இருந்தால் "ஆச்சி, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். நீங்களாகப் பள்ளத்தில் இறங்குவதோ, முகம் கழுவுவதோ, புட்டியை முக்குவதோ வேண்டாம். பக்கத்தில் புதிதாகப் பறித்துப் பார்க்கிறேன் என்று விளையாடுவதும் வேண்டாம்.

சாப்பாட்டுக்கு என்ன?

காலைக்கு நீராகாரம் குடித்துவிட்டுக் கிளம்பினால் பதினோரு மணி வரை தெம்பாக இருக்கும். கூட்டத்தில் வெளியூர்க்காரர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள், பிறகு இரண்டாம் சொம்பு கேட்பார்கள். கையில் கட்டிக்கொள்ளப் புளியோதரை சிறந்தது. கெடாது, உப்பும் புளிப்பும் வெயிலுக்கு வேண்டியவை. தயிர்ச்சோறு பத்து மணிக்கே புளித்துவிடும். தை மாதமாக இருப்பதால் ராமநாதபுரம் பக்கம் எங்கும் பனங்கிழங்கு கிடைக்கும். அவித்து, நார் உரித்து, ஓலைக்கொட்டானில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கி வரும் எந்தத் தின்பண்டமும் இதற்கு ஈடாகாது என்பது என் கட்சி. ஒரு துண்டு கருப்பட்டியும் இருக்கட்டும்.

மதியத்துக்குத் தனுஷ்கோடியில் மீன் பொரித்துத் தரும் கூரைக்கடைகள் இருக்கின்றன. மீனைக் காட்டச் சொல்லிப் பார்த்து, விலை பேசிவிட்டுப் பிறகு உட்காருங்கள். போகும்போது வயிறு முட்டத் தின்றுவிட்டு மீதி நாலரைக் கிலோமீட்டரை நடக்க முடியாது. போகும்போது சொல்லிவைத்து, திரும்பும்போது சாப்பிடுவது எங்கள் வழக்கம்.

காலில் என்ன போடுவது?

ஈர மணலில் வெறுங்கால் சுகம்தான், ஒரு மணி நேரத்துக்கு. பிறகு உப்பும் மணலும் விரலிடுக்கை அரிக்கத் தொடங்கும். சவுக்குத் தோப்போரத்தில் முள், கரையில் உடைந்த சிப்பி, அறுந்த வலையின் நைலான் சிக்கல். லேசான, முன்பக்கம் மூடிய பழைய காலணி போதும். இரண்டு ஜோடிக் காலுறை, ஒரு சின்ன புட்டி தேங்காயெண்ணெய். ராவணன் மீசை என்று உருண்டையாகச் சிலிர்த்துக்கொண்டு மணலில் கிடக்கும் புல்லை மட்டும் வெறுங்காலால் மிதித்துப் பார்க்காதீர்கள். ஒருவன் மிதித்தால் மற்றவர்கள் சிரிக்கலாம் என்பது தவிர அதில் பயன் இல்லை. ஆனால் பிடுங்கவும் கூடாது. அந்தப் புல்லும் அடப்பங்கொடியும் பிடித்து வைத்திருப்பதால்தான் மணல்மேடு காற்றில் ஓடாமல் நிற்கிறது.

எத்தனை பேர் சேர்ந்து போகலாம்?

ஐந்து முதல் எட்டு. அதற்கு மேல் போனால் கூட்டம் தானாகவே இரண்டாக உடையும். வேகமாக நடக்கிறவனைக் கடைசியில் விடுங்கள். மெதுவாக நடக்கிறவர் முன்னால் போகட்டும், அவர் வேகமே எல்லாருடைய வேகம். சொல்ல எளிது, எங்கள் கூட்டத்தில் இன்னும் இதற்குச் சண்டை நடக்கிறது. "மாப்ள, நீ முன்னாடி போய் என்ன கப்பலா பிடிக்கப்போற?" என்ற கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

தனுஷ்கோடியில் பார்க்க என்ன இருக்கிறது?

தேவாலயத்தின் சுவர்கள், ரயில் நிலையத்தின் எச்சங்கள், தண்ணீர்த் தொட்டியின் கட்டடம். நின்று பார்க்கத் தகுந்தவை. படம் எடுத்துவிட்டு உடனே நகர்ந்துவிடாமல் சுவரில் உள்ள கற்களைக் கவனியுங்கள். துளை துளையாக இருக்கும். கடலிலிருந்து வெட்டி எடுத்த பவளக்கல். செங்கல்லை அக்கரையிலிருந்து கொண்டுவருவதைவிட அது கைக்கெட்டிய பொருள்.

இந்த ஊர் எதற்காக இருந்தது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் இடிபாடு பேசும். 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதோடு சென்னை எழும்பூரிலிருந்து போட் மெயிலில் ஏறியவர் தனுஷ்கோடி வரை வந்து, கப்பலில் தலைமன்னார் கடந்து, அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்புக்குப் போகலாம் என்று ஆயிற்று. தோட்டத்துக்குப் போன கூலிகள், வியாபாரத்துக்குப் போன வணிகர்கள், பரீட்சை எழுத வந்த பிள்ளைகள், எல்லாரும் இந்த மணல் வழியாகத்தான் போய் வந்தார்கள். சுங்க அலுவலகம், அஞ்சலகம், பள்ளி, கடைத்தெரு என்று ஓர் ஊர் நின்றது. இலங்கைக்கு வாசற்படியாக இருந்தது ராமேஸ்வரம் அல்ல, இதுதான்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில், தனுஷ்கோடி நிலையத்தை எட்டும் முன்பே அலையில் போயிற்று. அதில் இருந்தவர்கள் மட்டும் நூற்றுக்கும் மேல். பாம்பன் பாலத்தின் தூண்களுக்கு மேலிருந்த பகுதிகளில் பெரும்பாலானவை கடலில் விழுந்தன, பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் அதை 46 நாளில் நிமிர்த்திவிட்டார்கள். பாலம் மீண்டது, ஊர் மீளவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது, ரயில் பாதை திரும்பப் போடப்படவில்லை. மீனவர்கள் மட்டும் திரும்பி வந்து ஓலைக்குடிசை போட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் பிள்ளைகள்தான் இன்று உங்களுக்கு மீன் பொரித்துத் தருகிறவர்கள்.

சுவர்மேல் ஏறாதீர்கள். உப்பு அரித்த காரைக்கு உங்கள் எடையைத் தாங்கும் வலு இல்லை.

கடலில் குளிக்கலாமா?

அரிச்சல்முனையில் கூடாது, இடுப்பளவு கூடக் கூடாது. இரண்டு பக்க நீரோட்டமும் சந்திக்கும் இடம் அது. கச்சான் காலத்தில் மணல் ஒரு பக்கம் நகரும், வாடைக் காலத்தில் மறுபக்கம். முனையின் உருவமே பருவத்துக்குப் பருவம் மாறும். போன முறை கெட்டியாக நின்ற இடம் இந்த முறை பள்ளமாக இருக்கும். கரையில் வைத்த எச்சரிக்கைப் பலகையை அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். நீச்சல் தெரிந்தவர்கள்தான் இங்கே துணிந்து இறங்குகிறார்கள்.

குளித்தே ஆக வேண்டுமென்றால் நடை முடிந்து ராமேஸ்வரம் திரும்பி அக்னி தீர்த்தத்தில் குளியுங்கள். வழியில் கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். அப்போதும் ஆழமற்ற நீரில் பாதத்தைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால், மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போய்விடும். முள் குத்தினால் தாங்கும் அளவு சூடான நீரில் காலை வைத்தால் வலி அடங்கும், பிறகு ராமேஸ்வரம் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கரையில் ஒதுங்கிய சொறியை (ஜெல்லிமீனை) செத்ததென்று தொடாதீர்கள். செத்த பின்பும் எரிக்கும். பட்டுவிட்டால் கடல்நீரால் அலசுங்கள், நல்ல தண்ணீரால் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம்.

கரைவலை இழுப்பதைப் பார்த்தோம். பக்கத்தில் போகலாமா?

போகலாம், கயிற்றுக்கு வெளிப்பக்கமாக. இரு முனைகளையும் இரண்டு கூட்டம் பிடித்து மெல்ல நெருங்கி வரும். நடுவில் புகுந்து படம் எடுப்பது அவர்கள் வேலையைக் கெடுக்கும், கயிற்றைத் தாண்டுவதை யாரும் விரும்ப மாட்டார்கள். கடக்க வேண்டுமென்றால் அவர்களுக்குப் பின்னால் சுற்றிப் போங்கள். "நாங்களும் ஒரு கை பிடிக்கவாண்ணே?" என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டு இடம் விடுவார்கள். உள்ளங்கை தோலுரியும் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன். மணிக்கணக்கில் இழுத்த வலையில் சில கூடை நெத்திலியும் காரலும் மட்டும் வரும் நாட்கள் உண்டு. அப்போது "இவ்வளவுதானா?" என்று கேட்காமல் இருப்பது மரியாதை.

பூநாரை பார்க்க முடியுமா? ஆமை?

தை, மாசியில் வந்தால் பூநாரைக்கு நல்ல வாய்ப்பு. வடக்குப் பக்க ஆழமற்ற நீரில் கூட்டமாக நிற்கும். தமிழ்நாடு அரசு 2025 ஜூனில் இந்தப் பகுதியில் சுமார் 525 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம், இரண்டு தொலைநோக்கி கூட்டத்துக்குப் போதும். கிட்டே போய்ப் பறக்கவிட்டுப் படம் எடுப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும். நெடுந்தூரம் பறந்து வந்து தீனி தேடும் பறவையை ஒவ்வொரு வண்டிக்காரனும் ஒரு முறை எழுப்பினால் அது எப்போது தின்னும்?

பங்குனி ஆமை முட்டையிட ஏறுவதும் இதே மாதங்களில். இரவில் ஏறி, விடியுமுன் இறங்கிவிடும். விடிகாலையில் மணலில் டிராக்டர் போனதுபோல ஒரு தடம் கடலிலிருந்து ஏறித் திரும்பியிருந்தால் அதுதான். தடத்தை மிதிக்காதீர்கள், தோண்டிப் பார்க்காதீர்கள். வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் புதைத்து வைப்பார்கள், ஐம்பது நாளை ஒட்டிக் குஞ்சு வெளிவரும்.

சங்கு, சிப்பி பொறுக்கலாமா?

பவளத் துண்டு, கடல் அட்டை, கடல் குதிரை இவற்றை உயிரோடோ செத்தோ எடுத்தால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம். சிப்பிகளிலும் சங்குகளிலும் சில வகைகளுக்குத் தடை உண்டு. எது எது என்று பிரித்தறிய நமக்குத் தெரியாததால் எதையும் எடுக்காமல் வருவதே சுலபம்.

முனையிலிருந்து இலங்கை தெரியுமா?

தெரியாது. தலைமன்னார் சுமார் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அதுவும் தாழ்ந்த கரை. மணலில் நிற்கும் ஆளுக்கு அடிவானமே ஐந்து கிலோமீட்டருக்குள். வேன்காரர்கள் கையை நீட்டிக் காட்டுவது மேகத்தையோ, வழியில் வரிசையாகக் கிடக்கும் தீடைகளில், அதாவது கடல் நடுவே தலைகாட்டும் மணல் திட்டுகளில், ஒன்றையோ. அந்தத் தீடைகளுக்கு நீந்தியோ, யாரிடமாவது படகு பேசியோ போகும் எண்ணம் வேண்டாம். எல்லை பக்கத்தில் இருக்கிறது. கடற்படையும் கடலோரக் காவலும் கண்ணை மூடிக்கொண்டு இல்லை.

யாருக்காவது வெயிலில் மயக்கம் வந்தால்?

தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு என்றால் அங்கேயே நிறுத்துங்கள். குடையையோ விரித்த துண்டையோ நிழலாகப் பிடித்து உட்காரவைத்து, உப்புச் சர்க்கரை நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நடையை முடிக்காமல் சாலைக்கு அழைத்துப் போங்கள். கரையிலிருந்து சாலை எங்கும் அதிக தூரமில்லை என்பது இந்த வழியின் பெரிய அனுகூலம்.

உளறினாலோ, உடல் கொதித்தாலோ அது வேறு. துணியைத் தளர்த்தி, கடல்நீராயிருந்தாலும் பரவாயில்லை, உடல் முழுக்க நனைத்து விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். 108-க்கு அழைத்துவிட்டு, வரும் முதல் வண்டியையும் மறியுங்கள். சுற்றுலா வேன்காரர்களைப் பற்றி மேலே என்ன சொல்லியிருந்தாலும், இப்படி ஒரு நேரத்தில் நிறுத்தாமல் போனவரை நான் பார்த்ததில்லை.

கூட்டாளிகளில் சிலர் பீர் எடுத்துவரலாமா என்கிறார்கள்.

வேண்டாம். கடல், வெயில், மது மூன்றும் சேரக் கூடாது.

இரவு அங்கே தங்கலாமா?

இல்லை. மாலையானதும் காவலர்கள் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சூரியன் மறைவதை முனையிலிருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசையை ராமேஸ்வரத்திலோ பாம்பன் பாலத்திலோ தீர்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளை, பெரியவர்களை அழைத்து வரலாமா?

பன்னிரண்டு வயதுக்கு மேல், நடக்கப் பழகிய பிள்ளை என்றால் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வரை வரலாம். அப்பா, அம்மா வர ஆசைப்பட்டால் அவர்களைப் பேருந்தில் முனைக்கு வரச் சொல்லி அங்கே சந்திப்பது நல்ல ஏற்பாடு. சோற்று மூட்டையும் அவர்களோடு வந்துவிடும்.

இதே மாவட்டத்தில் கொஞ்சம் சிறிய நடை ஏதாவது?

ஆறுதான் வேண்டும் என்பவர்கள் வைகை கடலில் சேரும் ஆற்றங்கரைக்குப் போகலாம். பக்கத்திலேயே அழகன்குளம். ரோமானியக் காசுகளும் பானையோடுகளும் அகழாய்வில் கிடைத்த பழைய துறைமுகம் அது. முகத்துவாரத்தில் நீர் அமைதி, தூரமும் குறைவு. அலையாத்திக் காடு பிடிக்குமென்றால் தொண்டிப் பக்கம் காரங்காடு. அங்கே நடப்பதைவிடப் படகு நல்லது.

எப்படி வந்து சேர்வது? திரும்புவது எப்படி?

2022 டிசம்பரிலிருந்து பாலப் பிரச்சினையால் ராமேஸ்வரத்துக்கு வராமல் நின்றிருந்த ரயில், 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறந்ததும் மறுபடி ஓடுகிறது. முந்தின நாள் மாலைக்குள் வந்து தூங்கிவிடுங்கள். ராத்திரி முழுக்கப் பயணம் செய்து, இறங்கிய கையோடு நடக்கத் தொடங்குவது முட்டாள்தனம்.

திரும்ப அரிச்சல்முனையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு அரசுப் பேருந்து உண்டு. கடைசிப் பேருந்தைக் குறிவைக்காதீர்கள். விடுமுறை நாட்களில் ஏற இடமிருக்காது. இரண்டு மணி வாக்கில் கிளம்புவதில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கி, காலையில் சொல்லிவைத்த மீனைத் தின்றுவிட்டு அடுத்ததில் போகலாம். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், செருப்பில் இருக்கும் மணலை ஏறுமுன் தட்டிவிடுங்கள். நடத்துநர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.